ஆலயத்தை விட்டு வெளியேறாத இயேசு

இயேசு யூதராகப் பிறந்து, யூதராக வாழ்ந்து, யூதராகவே இறந்தார். இதை மறுக்கும் வரலாற்றாசிரியரை இன்று காண்பது அரிது. ஆனால் ஒப்புக்கொண்ட இந்த உண்மையை மனத்தில் இருத்தி நற்செய்தி நூல்களை வாசிப்பவர்கள் குறைவு. நம்மிடையே உலவும் இயேசு பெரும்பாலும் வேறொருவர். பலிபீடம், குருமார், தீட்டு, நோன்பு, திருவிழா எல்லாம் வெளிவேடம் என்று தள்ளிவிட்டு, உள்ளத்தூய்மை ஒன்றே போதும் என்று போதிக்க வந்தவர் அவர். பிரசங்கங்களில் பலமுறை கேட்பது இவரைத்தான். இயேசுவை மதிக்கும் சைவர்களும் பகுத்தறிவாளர்களும் மனத்தில் வைத்திருப்பதும் இவரைத்தான். கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி இந்தச் சித்திரத்தைப் பெருமளவு கலைத்துவிட்டது. அந்த ஆராய்ச்சி வந்து சேர்ந்த இடத்துக்கு மிக அருகே ஒரு தமிழ் வாசகர் 1854இலேயே நின்றிருந்தார். அவர் கண்டது அன்றைய சண்டையில் ஓர் ஆயுதமாக முடிந்துபோனது. அதை அறிவாக மாற்றும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது என்பதே என் வாதம்.

அந்த வாசகர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822இல் பிறந்த அவர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகள் உடனிருந்து உழைத்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1847 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார்; 1848இல் மிஷன் வேலையை விட்டு விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒரு நூலை மொழிபெயர்க்கிறவர் அதை வாசிப்பதுபோல் வேறெவரும் வாசிப்பதில்லை. பிரசங்கியார் தமக்கு வேண்டிய வசனத்தை எடுத்துக்கொண்டு மற்றதைக் கடந்துபோகலாம்; மொழிபெயர்ப்பவருக்கு அந்த வசதி கிடையாது. லேவியராகமத்தின் பலி விதிகளையும், ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளையும், குருமாரின் உடை விவரங்களையும் வரிவரியாகத் தமிழாக்க வேண்டியிருந்த பணியில், பெரும்பாலான கிறிஸ்தவர்கள் மேலோட்டமாகப் புரட்டிச் செல்லும் பக்கங்களில் நாவலர் நெடுங்காலம் தங்கியிருந்தார்.

அன்றைய யாழ்ப்பாணத்தில் மிஷனரிமார் கந்தபுராணத்தையும் கோயில் வழிபாட்டையும் கடுமையாகத் தாக்கி வந்தார்கள். 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை அந்த விவாதங்களுக்கு மேடையானது. கதைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, சடங்குகள் பொருளற்றவை, உருவத்துக்கு முன் விளக்கும் தூபமும் காட்டுவது அஞ்ஞானம் என்பன அவர்களின் குற்றச்சாட்டுகள். 1854இல் நாவலர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் இவற்றுக்குப் பதில். அந்தப் பதிலின் சிறப்பு, அது கிறிஸ்தவர்களின் வேதத்தையே சாட்சிக்கு அழைத்ததில் இருக்கிறது. யெகோவாவின் வழிபாட்டிலும் திருக்கூடாரம் உண்டு, பேழை உண்டு, விளக்கும் தூபமும் படையலும் உண்டு, எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்யப்பட்ட குருமார் உண்டு, தீட்டும் சுத்திகரிப்பும் உண்டு, திருநாள்கள் உண்டு என்று இடம் சுட்டிக் காட்டினார். இவையெல்லாம் வரப்போகும் கிறிஸ்துவின் நிழல்கள், அவர் வந்ததும் ஒழிந்தன என்பது மிஷனரிமாரின் வழக்கமான விடை. இயேசுவும் அவருடைய சீடரும் அந்த வழிபாட்டுக்குள்ளேயே வாழ்ந்தார்கள் என்று நாவலர் அதற்கு மறுமொழி சொன்னார். சைவத்தைக் காக்க எழுதப்பட்ட நூல்தான் அது. என்றாலும் அந்த மறுமொழி, சைவம் கிறிஸ்தவம் என்ற வழக்கையும் தாண்டி, ஒரு வரலாற்று உண்மையைத் தொட்டது.

அதே காலத்து ஐரோப்பாவில் இயேசுவைப் பற்றிய வரலாற்றுக் கேள்விகள் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன. ஹம்பர்க் நகரத்து ரைமாருஸ் எழுதி மறைத்து வைத்திருந்த ஆய்வை அவர் இறந்தபின் 1770களில் லெஸ்ஸிங் பகுதி பகுதியாக வெளியிட்டார். இயேசு யூத எதிர்பார்ப்புகளுக்குள் நின்று பேசியவர் என்று ரைமாருஸ் துணிந்து சொன்னார். ஆனால் அவருக்குப் பின் வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாராளவாதச் சமய அறிஞர்கள், எக்காலத்துக்கும் பொதுவான நன்னெறி ஆசானாக இயேசுவை வரைந்தார்கள். யூத சமயம் அந்த ஒளியை எடுத்துக்காட்டும் இருண்ட பின்னணியாகச் சுருங்கியது. இந்த மனப்போக்கின் மிகக் கொடிய வடிவம் 1939இல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில் வெளிப்பட்டது. கிறிஸ்தவத்திலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றுவதற்கென்றே அங்கே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் ஆய்வுத் தலைவரான புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர் வால்டர் குருண்ட்மன், இயேசு யூதரே அல்லர் என்று நூல் எழுதினார். போருக்குப் பிறகும், யூத மரபோடு ஒத்துப்போகாத சொற்களே இயேசுவின் சொற்கள் என்று நம்பகமாகக் கொள்ளத்தக்கவை என்ற அளவுகோல் ஆய்வுலகில் நீடித்தது. ஒருவரை அவர் சமூகத்திலிருந்து பிரித்து, எஞ்சியதையே அவர் என்று கொள்ளும் முறை அது. 1973இல் கேஸா வெர்மெஷும் 1985இல் ஈ. பி. சாண்டர்ஸும் எழுதிய நூல்கள்தாம் இந்தப் போக்கைத் திருப்பின. இயேசுவைப் புரிந்துகொள்ள எருசலேம் ஆலயத்தையும் மோசேயின் சட்டத்தையும் விட்டு விலகக் கூடாது, அவற்றுக்குள் நுழைய வேண்டும் என்பது அதன்பின் ஆய்வின் பொது நிலையாயிற்று.

சான்றுகள் நற்செய்தி நூல்களிலேயே இருக்கின்றன. குழந்தை இயேசுவுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் நடக்கிறது; தாயின் சுத்திகரிப்புக்காகப் பெற்றோர் புறாக்களைப் பலி கொடுக்கிறார்கள் என்கிறார் லூக்கா. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியற்றவர்களுக்கு லேவியராகமம் அனுமதிக்கும் பலி அது. ஒரு சடங்கு விதியை அறிந்தவருக்கே அந்தக் குடும்பத்தின் ஏழ்மை அந்த வரியில் தெரியும். குணமாக்கிய தொழுநோயாளியிடம், குருவிடம் போய்க் காட்டி மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தச் சொல்கிறார் இயேசு. சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார். ஒப்புரவானபின் திரும்பி வந்து காணிக்கையைச் செலுத்தும்படியும் சொல்கிறார். இந்தப் பின்பாதியைப் பிரசங்கங்கள் எளிதில் விட்டுவிடுகின்றன. அவருடைய மரணத்துக்குப் பிறகும் பேதுருவும் யோவானும் ஜெப வேளையில் ஆலயத்துக்குப் போகிறார்கள். புறவினத்தாருக்குச் சட்டம் வேண்டாம் என்று வாதாடிய பவுல்கூட, எருசலேமில் பொருத்தனை செய்திருந்த நால்வருக்காகச் செலவு ஏற்று, தானும் சுத்திகரித்துக்கொண்டு ஆலயத்துக்குள் சென்றதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. ஆலயத்தை ஒழித்த ஒருவரின் சீடர்கள் இப்படி நடந்திருக்க முடியாது.

இதற்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் வலுவான இடம் மாற்கு ஏழாம் அதிகாரம். மனிதனுக்குள்ளே போவது அவனைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசு சொல்ல, இவ்வாறு அவர் எல்லா உணவையும் தூய்மை என்றார் என்று அங்கே ஒரு விளக்கம் வருகிறது. அந்த விளக்கம் இயேசுவின் வாயில் இல்லை, நூலாசிரியரின் குறிப்பு. மாற்கைப் பின்பற்றி எழுதிய மத்தேயு இதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது அந்தக் குறிப்பை விட்டுவிடுகிறார். இன்னொரு சான்று இதைவிடத் தெளிவானது. அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தில், தீட்டான எதையும் நான் ஒருபோதும் உண்டதில்லை என்று பேதுரு தரிசனத்தில் மறுத்துப் பேசுகிறார். உடனிருந்து கேட்ட முதன்மைச் சீடருக்கே தெரியாத ஒரு சட்டநீக்கம் நடந்திருக்குமா? கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் விருத்தசேதனத்தையும் பந்தியையும் பற்றி உக்கிரமாக வாதாடுகிறார். உணவு விதிகளை இயேசுவே நீக்கிவிட்டார் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் வழக்குப் பாதி முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அப்படி ஒரு கட்டளை கைவசம் இருந்திருக்கவில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். இப்படி நூலாசிரியரின் குரலையும் அவர் பதிவுசெய்யும் மனிதரின் குரலையும் பிரித்துக் கேட்பதுதான் வரலாற்று ஆய்வு செய்யும் வேலை.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு தகுதி இருக்கிறது. பிரசவத் தீட்டும் மரணத் தீட்டும் என்னவென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. தீட்டு பாவம் அல்ல என்பதும் தெரியும். பிள்ளை பெற்றவளும் பிணத்தைத் தூக்கியவரும் குற்றம் செய்தவர்கள் அல்லர். ஒரு நிலைக்குள் சென்றார்கள், காலமும் நீரும் சடங்கும் அவர்களை மீட்டெடுக்கும். மேற்கத்திய விளக்கவுரைகள் நெடுங்காலம் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டு, இயேசு தொட்ட நோயாளிகளைச் சமயத்தால் வெறுத்து ஒதுக்கப்பட்டவர்களாகவும் அவரைச் சமய எதிர்ப்பாளராகவும் சித்திரித்தன. மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மத்தேயு தீஸன் 2020இல் வெளியிட்ட நூலில் இதைத் திருத்துகிறார். தொழுநோய், இரத்தப்போக்கு, பிணம் ஆகிய மூன்று தீட்டு மூலங்களையும் இயேசு எதிர்கொள்ளும்போது விதியை நீக்கவில்லை, தீட்டை உண்டாக்கும் நிலையையே நீக்குகிறார் என்பது அவர் வாதம். சாக்கடல் சுவடிகள் கிடைத்த குமரானின் நான்காம் குகையிலிருந்து வந்த ஒரு மடல், ஆலயத் தூய்மை விதிகளைப் பற்றி யூதர்களுக்குள்ளேயே நடந்த கூர்மையான சர்ச்சையைக் காட்டுகிறது. தூய்மையைப் பற்றி வாதாடுவது அக்காலத்தில் சமயத்தை மறுக்கும் செயலாக இருக்கவில்லை. சமயத்தில் ஊறியவர்களே அப்படி வாதாடினார்கள்.

அப்படியானால் இயேசு ஆலயத்தில் காசுக்காரரின் மேசைகளைக் கவிழ்த்தது எதற்காக? நான்கு நற்செய்தி நூல்களும் அதைச் சொல்கின்றன. மூன்று அதை அவருடைய கடைசி வாரத்தில் வைக்க, யோவான் தொடக்கத்திலேயே வைக்கிறார். வணிகத்தைக் கண்டித்தார் என்பாரும், வரப்போகும் அழிவை ஒரு தீர்க்கதரிசியின் செயலால் அறிவித்தார் என்பாரும் உண்டு. சாண்டர்ஸ் இரண்டாவது கட்சி. எதைக் கொண்டாலும், அங்கே இயேசு சொன்ன சொற்கள் ஆலயத்தை நேசித்த மரபிலிருந்தே வருகின்றன. அவர் எடுத்துரைப்பது ஏசாயாவையும் எரேமியாவையும். எரேமியா குரு குடும்பத்தில் பிறந்து, ஆலய வாசலில் நின்றே ஆலயத்தைக் கண்டித்தவர். நமக்கும் இது புதிதல்ல. சிலைவழிபாட்டையும் சாதியையும் சிவவாக்கியரைவிடக் கடுமையாகச் சாடியவர் தமிழில் அரிது. அவரைச் சிவநெறிக்கு அயலவர் என்று யாரும் சொல்வதில்லை. கி.பி. 70இல் ரோமப் படை ஆலயத்தை அழித்தது. நற்செய்தி நூல்கள் அந்த அழிவை ஒட்டியும் அதற்குப் பின்னும் இன்றைய வடிவம் பெற்றவை. ஆலயம் இல்லாத உலகில், புறவினத்தார் பெருகிய சபைகளில், உள்வீட்டு வாதம் ஒன்று வெளியிலிருந்து வந்த தீர்ப்பாக ஒலிக்கத் தொடங்கியது. யோவான் நற்செய்தியில் இந்த மாற்றம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை ஒட்டாவாவின் அடேல் ரைன்ஹார்ட்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார்.

நாவலருக்கு அளவுக்கு மேல் பெருமை தருகிறேனோ என்று ஒருவர் கேட்கலாம். அவர் வாதி, ஆய்வாளர் அல்லர் என்பது உண்மை. ஆனால் ரைமாருஸும் வாதிதான். நோக்கம் எதுவாயினும் எடுத்துவைத்த சான்று நிற்கிறதா என்பதே அறிவுலகின் கேள்வி, அது நிற்கிறது. குறைகளையும் சொல்ல வேண்டும். பைபிளை அவர் ஒரே குரலாக வாசித்தார். லேவியராகமத்துக்கும் லூக்காவுக்கும் இடையிலான நூற்றாண்டுகளை அவர் வாதம் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே ஆலயம் கொண்ட, கடவுளுக்கு உருவம் செய்யாத, விலங்குப் பலியை மையமாக வைத்த வழிபாட்டுக்கும் சைவாகம வழிபாட்டுக்கும் இடையிலான வேறுபாடு அவருடைய ஒப்பீட்டில் மங்கிப்போகிறது. எல்லாவற்றிலும் பெரிய குறை, அவர் காத்த கோயில் ஒழுங்கு சாதி ஒழுங்கையும் சேர்த்தே காத்தது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் கேள்வி அவர் நூலில் இல்லை. மோசேயின் சட்டத்துத் தீட்டு எல்லோருக்கும் வந்து போகும் நிலை. பிறப்போடு ஒட்டி ஒருபோதும் போகாத தீட்டு என்பது வேறு. அந்த வேறுபாட்டை அவர் எதிர்கொண்டிருந்தால் ஒப்பீடு அவரையே சுட்டிருக்கும். சடங்கு இயேசுவுக்கு அயலானதல்ல என்று சொல்வதால் ஒவ்வொரு சடங்கும் நியாயமாகிவிடாது.

சைவத் தரப்பிலிருந்து இன்னொரு சபலம் வரும்: இயேசு இவ்வளவு நம்மவர்போல் இருக்கிறாரே, அவர் இந்தியாவில் கற்றவராக இருக்கலாமே என்பது. 1894இல் நிக்கோலஸ் நொட்டோவிச், லடாக்கின் ஹேமிஸ் மடத்தில் இயேசுவின் இந்திய வாழ்க்கையைச் சொல்லும் சுவடியைக் கண்டதாக எழுதினார். அடுத்த ஆண்டே ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் அந்த மடத்துக்குப் போய் விசாரித்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மடத்தின் தலைமைத் துறவி மறுத்தார். இருந்தும் கதை ஓயவில்லை. அதன் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது, ஆனால் அதை ஏற்க முடியாது. கலிலேயாவில் நடந்த எல்லாவற்றுக்கும் கலிலேயாவிலும் எருசலேமிலும் போதிய விளக்கம் இருக்கும்போது, அவரை இமயமலைக்குக் கொண்டுபோவது அவருடைய மக்களிடமிருந்து அவரைப் பறிப்பதாகும். குருண்ட்மன் செய்தது வெறுப்பால், இது அன்பால். ஆனாலும் இழப்பவர்கள் அதே மக்கள்தான். ஒப்புமை நமக்குத் தருவது புரிந்துகொள்ளும் வசதியை மட்டுமே. உரிமை கொண்டாட அது இடம் தராது.

விசுவாசிகளின் அச்சத்தையும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் ஆளுக்கொரு இயேசுவைத் தருகிறார்களே, இதில் எதை நம்புவது என்பது நியாயமான கேள்வி. கலிலேயர், யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றவர், இறையாட்சியை அறிவித்தவர், பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டவர் என்ற அடித்தளத்தில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. யூத வரலாற்றாசிரியர் ஜொசிபசும் ரோமரான தசிட்டசும் மரணத்தைப் பற்றிய பகுதிக்கு வெளிச் சான்று தருகிறார்கள். அதற்குமேல் வரையும் சித்திரங்களில் வேறுபாடு இருக்கிறது. வேறுபாட்டைச் சான்று கொண்டு தீர்க்க முயல்வது பலவீனம் அல்ல. உயிர்த்தெழுதலை வரலாற்று முறையால் நிறுவவோ மறுக்கவோ முடியாது, அது முறையின் எல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1943இலேயே பன்னிரண்டாம் பத்திநாதரின் சுற்றுமடல் வழியாக வரலாற்று ஆய்வுக்குக் கதவைத் திறந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர்மீதான பழியைத் துறந்தது. 1995இல் வந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உழைத்ததன் பலன். அப்படியிருந்தும் இந்த அறிவு பிரசங்க மேடையில் ஏறத் தயங்குகிறது. பரிசேயரை வேடதாரிகளாக மட்டும் காட்டும் ஒவ்வொரு பிரசங்கமும், யூதரையே சந்தித்திராத தமிழ்ப் பிள்ளைக்கு யூத வெறுப்பின் முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. உண்மையை இழந்து காக்கப்படும் விசுவாசத்துக்கு இந்த விலை அதிகம்.

கியூபெக் மாகாணத்துப் புரோசார்டில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கியூபெக் தன் திருச்சபையோடு நடத்திய நீண்ட வழக்கின் நிழல் இன்னும் இங்கே படிந்திருக்கிறது. 1989இல் வெளியான டெனி ஆர்க்கானின் 'மொன்றியலின் இயேசு' திரைப்படத்தில், மலைமேல் பாடுகளின் நாடகம் நடத்தும் நடிகர்கள் புதிய ஆராய்ச்சிகளைப் படித்து இயேசுவை மாற்றி வரைகிறார்கள். திருத்தல நிர்வாகம் கலங்குகிறது. கான் விழாவில் நடுவர் பரிசு பெற்ற அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் இயேசுவும் ஆலயத்துக்கு எதிரானவர்தான். கியூபெக்கின் சொந்தக் கோபம் அவர் முகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1998இல் பள்ளி வாரியங்கள் சமய அடையாளத்தைக் கைவிட்டு மொழிவாரியாக மாறின. 2008இல் தொடங்கிய அறநெறி, சமயப் பண்பாட்டுப் பாடமும் 2024இல் நீங்கியது. நம் பிள்ளைகள் இனிப் பைபிளைப் பள்ளியில் அறிவாகப் படிக்கும் வாய்ப்புக் குறைவு. பிரசங்கமாகக் கேட்பார்கள், அல்லது கேலியாகக் கேட்பார்கள். மூன்றாவது வழியை வீடும் சங்கமும் சிறுபத்திரிகையும்தான் அமைக்க வேண்டும். நாவலரின் யாழ்ப்பாணத்தில் மிஷனரிமாரின் பின்னால் ஆட்சியும் பள்ளியும் வேலையும் இருந்தன. வாதம் ஆயுதமானதில் வியப்பில்லை. இங்கே தமிழ்ச் சைவருக்கும் தமிழ்க் கிறிஸ்தவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே கிறிஸ்தவர்கள் சைவதூஷண பரிகாரத்தைத் தங்கள் வேதத்தின் கூர்மையான வாசிப்புகளில் ஒன்றாகக் கையில் எடுக்கலாம். சைவர்கள் நற்செய்தி நூல்களுக்கு வைக்கும் அதே காலக் கேள்விகளையும் ஆசிரியர் கேள்விகளையும் கந்தபுராணத்துக்கும் வைக்கலாம். பிறர் நூலுக்கு ஒரு நியாயம், தன் நூலுக்கு ஒரு நியாயம் என்ற பழக்கத்தை அன்று இரு தரப்பும் விடவில்லை. அதை விடாதவரை, எத்தனை மொழிபெயர்ப்புகள் வந்தாலும் நாம் வேதம் வாசித்தவர்களாக மாட்டோம்.